விதையும் சுயமரியாதையும்

(கப்பலூரில் கூடிய தோழர்கள் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



என்னை இங்கு பேசும்படி கேட்டுக்கொண்ட தோழர்கள், நான் சாதியைப் பற்றியோ, சாமியைப் பற்றியோ, சடங்குகளைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டிருப்பதோ கத்தரிக்காய், புடலங்காய், அவரைக்காய் முதலிய நாட்டுக் காய்கறிகளின் விதையைக் காப்பாற்றுவதைப் பற்றிய விஷயமாகும். "இதற்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் சிரிக்கலாம். சம்பந்தம் உண்டா இல்லையா என்பதை நான் பேசி முடித்த பிறகு நீங்களே தீர்மானித்துக் கொள்ளுங்கள்.

சுயமரியாதை என்பது என்ன? ஒருவன் தன் அறிவையும் தன் உழைப்பையும் கொண்டு, இன்னொருவன் முன் கைகட்டி நிற்காமல் வாழ்வதுதான். ஒரு விவசாயிக்கு நிலம் இருக்கலாம், கிணறு இருக்கலாம், உழைக்கக் கை கால் இருக்கலாம். மழையும் பெய்துவிட்டது, ஆனால் கையில் விதை இல்லை என்றால் அவன் என்ன செய்வான்? அந்தக் காலத்தில் பண்ணைக்காரர் வாசலுக்குப் போவான். மேல்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பான். அவர் அளந்து கொடுத்ததற்கு மேல் அறுவடையில் அளந்து கொடுப்பான். இன்றைக்கு அந்த வாசல் மாறிவிட்டது. விதைக்கடை வாசலுக்குப் போகிறான். துண்டு தோளில்தான் இருக்கிறது. ஆனால் கடைக்காரர் சொன்ன பெயரும், சொன்ன விலையும், சொன்ன மருந்தும்தான் அவனுக்குக் கதி. முதல்வருஷமும் அப்படி, மறுவருஷமும் அப்படி. தன் தோட்டத்தில் விளைந்த காயிலிருந்து விதை எடுக்க முடியாமல் வருஷா வருஷம் கை நீட்ட வேண்டிய நிலைமை, நம் பாட்டன் காலத்தில் பஞ்சத்தில் மாத்திரம் வந்தது. இப்போது நல்ல விளைச்சலிலும் வருகிறது.

சுங்கச்சாவடி என்றால் என்னவென்று கப்பலூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. திருமங்கலத்துக்கும் மதுரைக்கும் நடுவே, தன் ஊருக்கும் தன் பிழைப்புக்கும் போகிறவன் சுங்கம் கட்டுவதா என்று இந்த வட்டாரத்து மக்கள் பல வருஷம் போராடியிருக்கிறீர்கள். ரோட்டில் இருக்கிற சாவடி கண்ணுக்குத் தெரிகிறது; அதனால் போராடினீர்கள். விதைக்குள்ளே ஒரு சாவடி இருக்கிறதே, அது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைத்தான் முதலில் விளக்க ஆசைப்படுகிறேன்.

ஒட்டு விதையின் சங்கதி

கம்பெனி விதையில் பெரும்பாலானவை ஒட்டு ரகம் என்று சொல்லப்படுபவை. வெவ்வேறான இரண்டு ரகங்களைத் தனித்தனியே வளர்த்து, ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றின் பூவில் சேர்த்து, அதிலிருந்து எடுக்கிற முதல் தலைமுறை விதைதான் அது. அது ஒரே சீராக முளைக்கும். ஒரே மாதிரி காய்க்கும். விளைச்சலும் அநேகமாக அதிகம் கொடுக்கும். ஆனால் அந்தக் காயிலிருந்து நீங்கள் விதை எடுத்துப் போட்டால், மறுவருஷம் பத்துச் செடி பத்து விதமாக நிற்கும். நெட்டை ஒன்று, குட்டை ஒன்று, முள் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று.

இது கம்பெனிக்காரன் மந்திரம் போட்டதனால் அல்ல. இயற்கையின் நியதி அப்படி. அதைக் கண்டுபிடித்தவர் பிர்னோ என்ற ஊரிலே ஒரு கிறிஸ்தவ மடத்தில் இருந்த கிரிகோர் மெண்டல் என்பவர். உருண்டைப் பட்டாணியையும் சுருக்கம் விழுந்த பட்டாணியையும் அவர் கலந்தார். முதல் தலைமுறை முழுவதும் உருண்டையாகவே வந்தது. அதை விதைத்து எடுத்த அடுத்த தலைமுறையில் 7,324 பட்டாணிகளை எண்ணினார். 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். அதாவது ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. முதல் தலைமுறையில் மறைந்து கிடந்த குணம் இரண்டாவதில் வெளியே வந்துவிட்டது. இதை 1865ல் சொன்னார், 1866ல் அச்சிட்டார், உலகம் 1900த்தில்தான் காது கொடுத்தது. அவர் இருந்தது மடம்தான். ஆனால் இதை ஜெபத்தினால் அறியவில்லை. விதைத்துப் பார்த்து, ஒவ்வொன்றாக எண்ணி அறிந்தார். பகுத்தறிவு என்பது இதுதான்.

ஆக, ஒட்டு விதையில் சாவடி இருக்கிறது. போகும்போது ஒரு தடவை கட்டினால் போதாது. ஒவ்வொரு பட்டத்துக்கும் கட்ட வேண்டும். பெங்களூர்க் கம்பெனி ஒன்று 1973ல் ஒட்டுத் தக்காளியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1988ல் சர்க்கார் புதிய விதைக் கொள்கை வகுத்து, அயல்நாட்டு விதைகளுக்கும் வாசலைத் திறந்துவிட்டது. அதற்குப் பிறகு நம் கொல்லையில் இருந்த கலயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிவிட்டன.

இதனால் ஒட்டு ரகம் என்றால் விஷம் என்றும், அதைத் தொடுவதே பாவம் என்றும் நான் சொல்லுவதாக நினைத்துவிடாதீர்கள். பாவ புண்ணியக் கணக்கு நமக்கு வேண்டாம். பத்து ஏக்கர் போட்டு மாட்டுத்தாவணிச் சந்தைக்கு லாரியில் ஏற்றுகிறவனுக்கு, ஒரே அளவாய் வருகிற காயும், வழியில் நசுங்காத தோலும் தேவை. அவன் கணக்குப் போட்டு ஒட்டு விதை வாங்கினால் அது அவன் புத்திசாலித்தனம். ஆனால் வாங்குவதற்கும் வாங்காமல் இருப்பதற்கும் அவனுக்கு வழி இருக்க வேண்டும். வேறு விதையே ஊரில் இல்லை என்று ஆன பிறகு வாங்குவதற்குப் பெயர் வியாபாரம் அல்ல, அடிமைத்தனம்.

கல்லம்பட்டிக் கத்தரிக்காய்

தூர தேசத்து உதாரணம் எதற்கு? நம் மதுரைச் சீமையிலேயே ஒன்று இருக்கிறது. கல்லம்பட்டிக் கத்தரி என்று ஒரு நாட்டு ரகம் உண்டு. உருண்டையாய், ஊதா நிறமாய்க் காய்க்கும். ஒத்தக்கடையில் யானைமலைப் பக்கத்திலே 1965ல் ஏற்பட்ட விவசாயக் கல்லூரியின் விஞ்ஞானிகள், இந்தக் கல்லம்பட்டிக் கத்தரியிலிருந்து நல்ல செடிகளைப் பொறுக்கி, அதைச் சீராக்கி, எம்.டி.யு. 1 என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். நல்ல காரியம்தான். அது ஒட்டு ரகம் அல்ல. விதை எடுத்து விதைக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெயரில் கல்லம்பட்டியும் இல்லை. தலைமுறை தலைமுறையாக அதைப் பொறுக்கிப் பொறுக்கி வைத்த குடியானவனும் குடியானவளும் இல்லை. மதுரையைக் குறிக்கும் மூன்று எழுத்தும் ஓர் எண்ணும்தான் இருக்கின்றன.

கதை அதோடு நிற்கவில்லை. காய்த்துளைப்பான் புழுவைக் கொல்லும் விஷத்தை உண்டாக்குகிற ஒரு மண் கிருமியின் மரபணுவைக் கத்தரிக்குள் வைத்து, பி.டி. கத்தரி என்று ஒன்று செய்தார்கள் அல்லவா? அந்த மரபணுச் சரக்கு மஹிகோ என்ற விதைக் கம்பெனியுடையது. அமெரிக்கக் கார்னெல் சர்வகலாசாலை நடத்திய ஒரு திட்டத்தின் கீழ், கோயமுத்தூர் விவசாய சர்வகலாசாலை அதைத் தமிழ்நாட்டு ரகங்கள் நான்கில் ஏற்றியது. அந்த நான்கில் ஒன்று நமது எம்.டி.யு. 1. அதாவது கல்லம்பட்டிக் கத்தரி கடைசியில் கம்பெனி மரபணுவைச் சுமக்கிற வண்டியாக ஆயிற்று. 2009 அக்டோபரில் நிபுணர் கமிட்டி பி.டி. கத்தரிக்கு அனுமதி கொடுத்தது. அப்போதைய சுற்றுச்சூழல் மந்திரி ஜெய்ராம் ரமேஷ் ஏழு ஊர்களில் ஜனங்களைக் கூட்டிக் கேட்டு, 2010 பிப்ரவரி 9ந் தேதி அதை நிறுத்தி வைத்தார். பங்களா தேசம் 2013ல் அனுமதித்தது; இந்தியாவில் இன்று வரையில் விற்பனைக்கு வரவில்லை.

பி.டி. கத்தரியைத் தின்றால் என்ன ஆகும் என்பதை விஞ்ஞானிகள் சோதித்துச் சொல்லட்டும். பயமுறுத்தியோ பக்தி செய்தோ அதற்கு முடிவு காண முடியாது. நாட்டுக் கத்தரிக்கு நாம் இப்போது அடிக்கிற பூச்சி மருந்தும் அமிர்தம் அல்ல. சர்வகலாசாலை ரகங்களில் குடியானவன் விதை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் திட்டக்காரர்களும் சொன்னார்கள். அதையும் நான் மறைக்கவில்லை. நான் கேட்பது வேறு கேள்வி. அடிச்சரக்கு நம்முடையது, அதைப் பல நூறு வருஷம் பொறுக்கிய மூளை நம்முடையது. அப்படியிருக்க அதைப் பற்றிய பேச்சு டில்லியிலும் அமெரிக்காவிலும் கோயமுத்தூரிலும் நடக்கிறபோது, கல்லம்பட்டிக்காரனுக்கு அதில் ஒரு நாற்காலி கூட இல்லையே, ஏன்? தன்னிடம் இருப்பது ஒரு சொத்து என்பதே அவனுக்குத் தெரியவில்லை. தெரியாதவன் சொத்தை எவனும் எடுத்துக்கொள்ளுவான்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

தோழர்களே! இந்த விஷயத்தில் சட்டம் நமக்கு விரோதமாக இல்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2001ம் வருஷத்துப் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 39வது பிரிவு, குடியானவன் தன் விளைச்சலில் விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மறுபடியும் விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிர்ந்துகொள்ளலாம், விற்கலாம் என்று சொல்லுகிறது. பதிவு செய்யப்பட்ட ரகமாயிருந்தாலும் இந்த உரிமை உண்டு. கம்பெனி முத்திரையும் பெயரும் போட்டு விற்கக் கூடாது, அவ்வளவுதான். குடியானவர்கள் காத்து வந்த ரகத்தை அவர்கள் பெயரிலேயே பதியலாம். அதற்குக் கட்டணமும் கிடையாது.

சட்டம் புஸ்தகத்தில் இருந்தால் போதுமா? 2019ல் பெப்சி கம்பெனி, தன் பெயரில் பதிவான ஓர் உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதற்காகக் குஜராத்தில் சின்னச் சின்ன விவசாயிகள் மேல் வழக்குப் போட்டு, சிலரிடம் தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கேட்டது. நாலைந்து ஏக்கர் வைத்திருக்கிறவனிடத்தில் ஒரு கோடி! தேசம் முழுவதும் கூச்சல் எழுந்தது. மேற்படி 39வது பிரிவை எடுத்துக் காட்டினார்கள். அந்த மே மாதத்திலேயே கம்பெனி வழக்குகளை வாபஸ் வாங்கிக்கொண்டது. அந்தப் பிரிவு இருப்பது தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்ததனால் அவர்கள் தப்பினார்கள். தெரியாத ஊரில் என்ன நடந்திருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

பழமை என்பதற்காக அல்ல

இனி, நம்முடைய பக்கத்தில் இருக்கிற பித்தலாட்டத்தையும் சொல்ல வேண்டும். இப்போது "நாட்டு விதை" என்ற பேச்சு கொஞ்சம் செல்வாக்கு அடைந்திருக்கிறது. உடனே சில பேர் அதைச் சாமியாக்கிவிட்டார்கள். "ரிஷிகள் கொடுத்த விதை, தெய்வீக விதை, பாரம்பரிய விதை" என்று சொல்லி இரண்டு பங்கு விலை வைக்கிறார்கள். கம்பெனிக்காரன் விஞ்ஞானத்தின் பெயரால் வாங்குகிறான். இவர்கள் ரிஷியின் பெயரால் வாங்குகிறார்கள். கொடுக்கிறவன் ஒருவன்தானே!

எது நம்முடைய பாரம்பரியம்? கத்தரி நம் தேசத்தது. மிளகாயோ, தக்காளியோ, உருளைக்கிழங்கோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. கொலம்பஸ் 1492ல் அங்கே போகும் வரையில் இங்குள்ள எந்த ரிஷியும் மிளகாயைக் கண்டதில்லை. பரங்கிக்காய் என்ற பெயரிலேயே பரங்கி உட்கார்ந்திருக்கிறான். ஆகவே பழமை என்பதற்காக எதையும் காப்பாற்ற வேண்டியதில்லை. நம் மண்ணுக்குப் பொருந்தியது, நாமே விதை எடுக்கக் கூடியது, நமக்கு ருசியானது என்பதற்காகக் காப்பாற்றினால் போதும். அது எந்தக் கண்டத்திலிருந்து வந்தால் என்ன?

பரம்பரை என்ற வார்த்தையைக் கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது. வர வேண்டியதும் நியாயமே. சிலர், "பார்த்தீர்களா, கத்தரியில் ரகம் இருப்பதுபோல் மனிதரில் சாதி இருக்கிறது, விதைக்குப் பரம்பரை உண்டு என்றால் மனிதனுக்கும் உண்டு" என்று நம்மை மடக்கப் பார்ப்பார்கள். அவர்களுக்கு நல்ல பதில் இருக்கிறது. ரகம் என்பது தானாகப் பிறந்தது அல்ல. வருஷா வருஷம் குணத்தைப் பார்த்துப் பொறுக்கி எடுத்ததனால் ஏற்பட்டது. நல்ல செடியில் காய்த்திருந்தாலும் சொத்தைக்காயை எவளாவது விதைக்கு வைப்பாளா? தூக்கிக் குப்பையில் போடுவாள். சாதியிலோ, சொத்தையும் முதல் பந்தியில் உட்காருகிறது. நல்லது வாசலுக்கு வெளியே நிற்கிறது. இது பொறுக்கினதற்கு அடையாளமா, பொறுக்காததற்கு அடையாளமா? மேலும், இரண்டு ரகத்தைக் கலந்தால் முதல் தலைமுறைக்கு வீரியம் கூடுகிறது என்று விதைக்கம்பெனியே விளம்பரம் செய்கிறது. கலப்பினால் குலம் கெட்டுப்போகும் என்கிறவர்கள் தங்கள் தோட்டத்தில் மாத்திரம் ஒட்டு விதை போடுவானேன்?

வழக்கத்தைப் புடைத்து எடுக்க வேண்டும்

விதை காப்பதில் நம் கிழவிகளுக்குத் தெரிந்ததெல்லாம் மூடத்தனம் என்று தள்ளுவதும் தப்பு. எல்லாம் மேலான ஞானம் என்று கொள்ளுவதும் தப்பு. முறத்தில் போட்டுப் புடைப்பதுபோல் புடைக்க வேண்டும்.

விதையில் சாம்பலைக் கலந்து வைக்கிறார்கள். சாம்பல் ஈரத்தை உறிஞ்சுகிறது. வண்டின் மேல்தோலை உராய்ந்து அதன் உடம்பு ஈரத்தையும் வற்ற வைத்துக் கொல்லுகிறது. இது மணி, இதை வைத்துக்கொள்ளுங்கள். சுரை விதையைச் சாணியில் தட்டிச் சுவரில் ஒட்டுகிறார்கள். காய்ந்த வரட்டி விதையை மூடி வைக்கிறது. அது பசுவின் புனிதத்தினால் அல்ல, எருமைச் சாணியும் அதே வேலையைச் செய்யும். ஆடிப்பட்டம் பார்த்து விதைக்கிறார்கள். நம் பக்கத்துக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது; அதற்குள் செடி வேர் ஊன்றி நிற்க வேண்டும் என்பது அதன் காரணம். இதுவும் மணிதான். ஆனால் அந்த ஆடியிலேயே இராகுகாலம், எமகண்டம் பார்த்து, நல்ல ஈரத்தைக் காய விடுகிறானே, அது பதர்.

வளர்பிறையில் விதைத்தால் நன்றாக முளைக்கும் என்கிறார்கள். நான் உண்டென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ஒரே மண்ணில் இரண்டு பாத்தி போடுங்கள். ஒரே விதையில் நூறு வளர்பிறையில், நூறு தேய்பிறையில். ஒரே தண்ணீர். முளைத்ததை எண்ணுங்கள். மூன்று வருஷம் இப்படிச் செய்து எழுதி வையுங்கள். பஞ்சகவ்வியத்தையும் இப்படியே பாருங்கள். கம்பெனிக்காரன் தரும் வளர்ச்சி டானிக்கையும் இப்படியே பாருங்கள். இரண்டு பாத்திக்கு முன்னால் ரிஷியும் சரி, கம்பெனியும் சரி, ஒன்றுதான்.

முளைப்பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரைப் பக்கத்தில் அம்மன் பெயரைச் சொல்லி நவதானியத்தை ஓட்டில் முளைக்க வைத்து, தலையில் தூக்கிக் கொண்டுபோய்த் தண்ணீரில் கரைக்கிறார்கள். பெண்கள் அத்தனை நாள் அதற்கு ஊற்றுகிற தண்ணீரும் பார்க்கிற பக்குவமும் வீண் போகாமல் இருக்க ஒரு வழி சொல்லுகிறேன். எந்த வீட்டு விதை நூற்றுக்கு எத்தனை முளைத்தது என்று எண்ணுங்கள். ஈரத்துணியில் நூறு விதையை மடித்து வைத்தாலும் போதும். கத்தரியும் தக்காளியும் 70க்குக் குறையக் கூடாது, வெண்டை 65, மிளகாயும் கொடிக்காய்களும் 60. இது சர்க்கார் விதைச் சான்றுக்கு வைத்திருக்கும் அளவு. எண்ணினால் அது விவசாயம்; எண்ணாமல் கரைத்தால் அம்மனுக்கும் பிரயோசனமில்லை, உங்களுக்கும் இல்லை.

செய்ய வேண்டிய முறை

இனி காரியத்துக்கு வருகிறேன். நம் ஜனங்கள் செய்கிற பெரிய பிசகு ஒன்று: நல்ல காயை எல்லாம் சந்தைக்கும் சட்டிக்கும் அனுப்பிவிட்டு, கடைசியில் கொடி வாடும்போது மிஞ்சிய கோணல் காயை விதைக்கு விடுவது. கோணலை விதைத்துவிட்டு நேராகக் காய்க்கவில்லை என்று அழுவதில் என்ன அர்த்தம்? செடி இளமையாய் இருக்கும்போதே, நோயில்லாமல், சீக்கிரம் காய்த்து, நிறையக் காய்க்கிற செடியைப் பாருங்கள். காயை மாத்திரம் பார்க்காதீர்கள், செடியைப் பாருங்கள். அதில் ஒரு துணியைக் கட்டி, "இது விதைக்கு" என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். ஒரே செடியில் எடுக்காமல் பத்து இருபது நல்ல செடிகளில் எடுத்துக் கலந்து வையுங்கள். அப்போதுதான் ஒரு வருஷம் வறட்சி, ஒரு வருஷம் நோய் என்று வந்தாலும் தாங்குகிற விதை அதில் இருக்கும்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் தட்டைப்பயறு, அவரை, தக்காளி இவற்றில் ஆரம்பிக்கலாம். இவை பெரும்பாலும் தன் பூவின் மகரந்தத்தைக் கொண்டே காய்ப்பவை. ரகம் சுலபத்தில் கலக்காது. பயறும் அவரையும் செடியிலேயே நெத்தாகக் காய வேண்டும். தக்காளியைப் பிழிந்து, அந்தச் சாற்றிலேயே ஒரு நாள் இரண்டு நாள் புளிக்க விட்டால் விதை மேலுள்ள வழவழப்புப் போய்விடும். பிறகு கழுவிக் காய வைக்க வேண்டும். வெண்டையும் செடியிலேயே முற்றி வெடிக்கத் தொடங்கும்போது எடுக்க வேண்டும். கத்தரி ஊதா நிறம் போய் மஞ்சளாகிப் பழுக்கும் வரையில் செடியில் இருக்கட்டும். பழத்தைப் பிசைந்து தண்ணீரில் போட்டால் நல்ல விதை அடியில் தங்கும், மிதப்பதைக் கொட்டிவிடுங்கள். கத்தரியிலும் வெண்டையிலும் வண்டும் தேனீயும் கொஞ்சம் மகரந்தம் கலந்துவிடும். ஆகையால் இரண்டு ரகத்துக்கு நடுவே கத்தரியில் நூறு மீட்டராவது, வெண்டையில் இருநூறு மீட்டராவது இடைவெளி விட வேண்டும். இடமில்லாதவர்கள் விதைக்கான மொட்டுகளை மெல்லிய துணிப்பையால் கட்டிவிடலாம்.

கொடிக்காய்கள்தான் கஷ்டம். சுரை, புடல், பீர்க்கு, பாகல், பூசணி இவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. சுரையும் புடலும் பீர்க்கும் மாலையில் பூக்கும். பூசணியும் பாகலும் காலையில் பூக்கும். பூக்கப் போகிற மொட்டை முன்கூட்டியே நூலால் கட்டி வைத்து, பூக்கும் வேளையில் அவிழ்த்து, அதே ரகத்து ஆண் பூவை எடுத்துப் பெண் பூவில் தடவி, மறுபடி கட்டிவிட வேண்டும். பெரிய வித்தை அல்ல. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்யலாம்.

எடுத்த விதையை நிழலில் நன்றாகக் காய வைத்து, ஈரம் புகாத ஜாடியில் மூடி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். விதையில் ஈரம் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது விதை சாஸ்திரத்தில் பழகிய கணக்கு. ஜாடியின் மேல் ரகத்தின் பெயர், எடுத்த வருஷம், எடுத்தவர் பெயர் எழுதி ஒட்டுங்கள். எழுதாத விதை ஒரு வருஷத்தில் அநாதை ஆகிவிடும்.

யாருடைய அறிவு?

இதையெல்லாம் இதுவரையில் செய்து வந்தவர்கள் யார்? பெண்கள். எந்தக் காயை விதைக்கு விடுவது, எந்தக் கலயத்தில் வைப்பது, அடுப்புக்கு மேலே எந்தப் பரணில் புகை படும்படி வைப்பது என்பதெல்லாம் அவர்கள் அறிவு. ஆனால் விதைக் கலயம் பெண் கையில், பட்டா ஆண் பெயரில் என்றுதானே காரியம் நடந்தது? 1929ல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மகாநாட்டில் பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்தார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 வரையில் அறுபது வருஷம் ஆயிற்று. சட்டம் வந்தும் எத்தனை வீட்டில் பெண் பெயரில் பட்டா இருக்கிறது? ஆகவே ஜாடியின் மேல் பெயர் எழுதுங்கள் என்று நான் சொன்னது சும்மா அல்ல. எந்த அம்மாள் அந்த ரகத்தைக் காத்தாளோ அவள் பெயரை எழுதுங்கள். கல்லம்பட்டியில் எழுதாமல் விட்டது போதும்.

விதைக்காக உயிரையே கொடுத்தவர்களும் உலகத்தில் உண்டு. ருஷியாவில் வாவிலோவ் என்ற விஞ்ஞானி தேச தேசமாகச் சுற்றி விதை சேகரித்து, லெனின்கிராடில் பெரிய விதைக் களஞ்சியம் வைத்தார். 1941ல் ஹிட்லர் படை அந்தப் பட்டணத்தை முற்றுகை இட்டது. ஜனங்கள் லட்சக்கணக்கில் பட்டினியால் மாண்டார்கள். களஞ்சியத்திலே அரிசியும் கோதுமையும் பட்டாணியும் மூட்டையாய் இருக்க, காவல் இருந்த விஞ்ஞானிகள் ஒரு பிடி கூடத் தின்னாமல் சிலர் அங்கேயே பட்டினியால் செத்தார்கள். வாவிலோவ் என்ன ஆனார்? மெண்டல் சொன்னதெல்லாம் பொய் என்று சொன்ன லைசென்கோ என்பவனை அந்த சர்க்கார் நம்பியது. உண்மையைச் சொன்ன வாவிலோவை 1940ல் சிறையில் போட்டது. 1943ல் சிறையிலேயே அவர் மாண்டார். மூடநம்பிக்கை கோவிலில் மாத்திரம் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கேள்வி கேட்கக் கூடாது என்று எங்கே சொல்லப்படுகிறதோ அங்கெல்லாம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. விதை காப்பது ஒருவன் தனியாகச் செய்து முடிக்கிற காரியம் அல்ல. தேனீ வரப்புப் பார்ப்பதில்லை. ஊர் எது, சேரி எது என்றும் பார்ப்பதில்லை. ஒரு தெருவில் ஒரு ரகம் என்று பேசி வைத்துக்கொண்டால்தான் ரகம் நிற்கும். ஆகையால் கப்பலூர்த் தோழர்கள் ஒரு பொது விதைப்பெட்டி வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறேன். அதைக் கோவிலில் வைக்காதீர்கள். பெரிய வீட்டுத் திண்ணையிலும் வைக்காதீர்கள். எல்லாரும் தலை நிமிர்ந்து நுழையக்கூடிய படிப்பகத்தில் வையுங்கள். வேண்டுகிறவர் எந்தச் சாதியானாலும், நிலம் உள்ளவரானாலும், குடிசை ஓரத்தில் ஒரு பந்தல் மாத்திரம் உள்ளவரானாலும் ஒரு பிடி கொடுங்கள். விளைந்த பிறகு இரண்டு பிடி திருப்பி வாங்குங்கள். அது வட்டி அல்ல. ஒரு பிடி பெட்டிக்கு, ஒரு பிடி அடுத்த ஆளுக்கு. இதற்குச் சர்க்கார் தயவு வேண்டாம், கம்பெனி தயவு வேண்டாம், கடவுள் தயவும் வேண்டாம். ஆலையில் வேலை செய்கிற தோழர்களும் மாடியில் நாலு தொட்டி வைத்து ஒரு ரகத்தைக் காப்பாற்றலாம்.

நான் சொன்னேன் என்பதற்காக ஒன்றையும் நம்பிவிடாதீர்கள். இந்த ஆடியில் இரண்டு பாத்தி போட்டு, எண்ணிப் பாருங்கள். சரியென்று பட்டால் செய்யுங்கள். தப்பென்று பட்டால் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று என்னைக் கேளுங்கள்.